கவர் ஸ்லிப்புக்கு அடியில் ஒரு குமிழி

கோவில்பத்து இளையபெருமாளின் கைக்கு எடை கிடையாது என்று காரைக்காலில் ஒரு பேச்சு உண்டு. அவன் கதவைத் தட்டினால் கதவுக்கே கேட்காது. யார் தோளிலாவது கை வைத்தால், அவர் ஈ உட்கார்ந்துவிட்டது என்று தோளைத் தட்டிவிட்டுக்கொள்வார். ஒருமுறை கல்லூரி ஆய்வுக்கூடத்து ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த தட்டானின் இறக்கைக்கு அடியில் கவர் ஸ்லிப் ஒன்றைச் செருகி, இறக்கையின் நரம்புகளைப் பார்த்து முடித்து, திரும்ப உருவி எடுத்தானாம். தட்டான் கனவு கலையாமல் தூங்கியதாம். தட்டானுக்குக் கனவு வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அவனையே கேட்டுக்கொள்ளலாம். பதில் வராது. அவன் பேச்சு அப்படி.

கவர் ஸ்லிப்பைப் பார்த்திராதவர்கள், வெங்காயத்தின் உள்தோலைக் கண்ணாடியில் செய்ததாக நினைத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம். தண்ணீரில் போட்டால் காணாமல் போய்விடும். வெயிலில் பிடித்தால் விளிம்பு மட்டும் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். கொஞ்சம் அழுத்தி எடுத்தால் உடையும், கோபமாகப் பார்த்தாலும் உடையும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். மைக்ரோஸ்கோப்பில் எதையாவது பார்க்கவேண்டுமென்றால் அதை ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே இந்தச் சதுரத்தைப் போர்த்தவேண்டும். போர்த்துவதில்தான் இருக்கிறது விஷயம். ஒரு விளிம்பை நீர்ச்சொட்டின் ஓரத்தில் சாய்வாக நிறுத்தி, மறு விளிம்பை ஊசி முனையில் தாங்கி, தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல் மெல்லத் தாழ்த்தவேண்டும். அவசரப்பட்டால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். மாட்டின காற்று, கருப்புக் கரை கட்டிய வட்டமாகத் தெரியும். முதலாண்டுப் பிள்ளைகள் அதை அபூர்வமான உயிரினம் என்று நம்பி, ரெக்கார்டு நோட்டில் வரைந்து, அதற்கு வாய், வயிறு எல்லாம் குறித்துவிடுவார்கள்.

அந்த மேசைகளுக்கு இடையே நடந்து நடந்து, குனிந்து பார்த்து, "அது உயிரு இல்ல தம்பி, காத்து" என்று சொல்வதுதான் இளையபெருமாள் நாள் முழுக்கப் பேசுகிற பேச்சு. கோட்டுச்சேரியில் நெல் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. நாற்றங்காலில் நிற்கச் சொன்னால், நாற்றின் நுனியில் நிற்கிற பனித்துளியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவான். மடை உடைந்து தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். இவனுக்கு மண் ஒத்துவராது என்று அப்பா படிக்க அனுப்பினார். படித்து, தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, தலையில் நரையும் எட்டிப் பார்த்தாயிற்று. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. அதற்குக் காரணம் ஜாதகம் என்று உறவினர்கள் சொல்வார்கள். உண்மையான காரணம் மூச்சு.

கவர் ஸ்லிப்பைத் தாழ்த்துகிற நேரம் முழுக்க அவன் மூச்சு விடமாட்டான். மூச்சுப் பட்டால் கண்ணாடி மங்கும், கை ஆடும், குமிழி விழும். இதே தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்களின் பழக்கம் மேசையோடு நின்றுவிடும். இவனுடையது வீட்டுக்குக் கூடவே வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சு நின்றது. பிறகு, பாலாடையை ஸ்பூனால் ஒதுக்கும்போது நின்றது. கடைசியில், மனதுக்கு மென்மையாகப் படுகிற எதன் முன்னால் நின்றாலும் அதுவாகவே நிற்க ஆரம்பித்தது. மூச்சு விடாமல் ஒருவன் எப்படிப் பேசுவான்? பெண் பார்க்கப் போன வீடுகளில் மாப்பிள்ளை முகம் சிவந்து, கண் பிதுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பெண் வீட்டார் முதலில் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு வழி அனுப்பினார்கள்.

இப்படியே இருந்திருப்பான். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாதான் இருக்க விடவில்லை.

அன்றைக்குப் பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வீதிவலம் வருவார். வேண்டிக்கொண்டவர்கள் மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே ஊரே கையேந்தி நிற்கும். இளையபெருமாள் முண்டியடிக்கிற ஆள் இல்லை. கூட்டம் தள்ளிய பக்கமெல்லாம் போய், கடைசியில் பாரதியார் சாலையை ஒட்டிய ஒரு சின்னத் தெருமுனையில், 'சிதம்பரநாதன் சயின்டிபிக்ஸ்' என்ற கடைக்குக் கீழே ஒதுங்கி நின்றான். பீக்கர், சோதனைக் குழாய், லிட்மஸ் காகிதம் விற்கிற கடை. மாடிக் கைப்பிடிச் சுவரோரம் கூடையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். நீலப் புடவை, நெற்றியில் வேர்வை, தலைக்குப் பின்னால் ஆனி மாத வெயில் ஒரு தட்டுப்போல.

அவள் ஒரு பழத்தைப் போட்டாள்.

மற்ற மாடிகளிலிருந்து விழுந்த பழங்கள் எல்லாம் பழங்கள் விழுகிற வேகத்தில்தான் விழுந்தன. இந்த ஒன்று மட்டும் கண்ணாடித் தொட்டியில் நழுவவிட்ட கவர் ஸ்லிப்பைப்போல இப்படியும் அப்படியும் சாய்ந்து, வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, ஆற அமர இறங்கியது. வழியில் ஒரு காகம் நின்று பார்த்துவிட்டுப் போனது. பழம் வந்து இளையபெருமாளின் கையில் உட்கார்ந்தபோது அவன் மூச்சு நின்று வெகு நேரமாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை அப்படியே நடந்தான் என்கிறார்கள். அங்கே ஒரு கண்டக்டர் முதுகில் தட்டியபிறகுதான் மூச்சு வந்தது.

பழத்தை அவனும் அக்காவுமாகச் சாப்பிட்டார்கள். தோலை மட்டும் அவன் தூக்கிப் போட விடவில்லை. ஒரு சின்னக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு, ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டான்.

கடைக்காரி பெயர் சந்திரலேகா. கடையை ஆரம்பித்த அப்பா சிதம்பரநாதன் காலமான பிறகு அவள்தான் நடத்துகிறாள். அண்ணன் அன்பழகன் பாண்டியில் உத்தியோகம். பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் இணையத்தில் சாமான் வாங்க ஆரம்பித்துவிட்டதால் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான் அதிகம். அதனால் ஒரு நாள் படியேறி வந்து, தராசுக்கு முன்னால் விறைத்து நின்ற ஆளை அவள் மிகுந்த மரியாதையோடு வரவேற்றாள்.

"வாங்க சார். என்ன வேணும்?"

இளையபெருமாள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு சதுரம் காட்டினான்.

"சோப்பா? அது பக்கத்துக் கடை."

அவன் சதுரத்தைச் சின்னதாக்கி, இரண்டு விரலையும் ஏறக்குறைய ஒட்ட வைத்து அதன் தடிமனையும் காட்டினான்.

"ஓ, கவர் ஸ்லிப்பா. சதுரமா, வட்டமா?"

மறுபடியும் சதுரம். பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, தலையாட்டிவிட்டு, சிவந்த முகத்தோடு போய்விட்டான். பாவம், வாய் பேசாத மனிதர் என்று அவள் முடிவு செய்தாள். அடுத்த முறை வந்தபோது, அப்படிப்பட்டவர்களுக்குக் காதும் கேட்காது என்ற தப்பான எண்ணத்தில், தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் பேசினாள். "ம…ழை… வ…ரும் போ…ல… இ…ருக்…கு." அவன் கும்பிட்டான்.

இப்படியே ஆடி போய் ஆவணியும் போயிற்று. ஒரு பிற்பகல், அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு படி இறங்கினான். வெளியே அவனுடைய பைக் சீட்டை ஒரு ஆடு மென்றுகொண்டிருந்தது. "ஏம்ப்பா, அது ரெக்சினுப்பா. வயித்துக்கு ஆவாது. போ, அந்தப் பக்கம் பூவரச எலை கெடக்கு பாரு" என்று அவன் ஆட்டுக்கு நிதானமாக எடுத்துச் சொல்வது கடைக்குள் தெளிவாகக் கேட்டது. நல்ல குரல். சற்றே கரகரத்த, அவசரமில்லாத குரல். சந்திரலேகா கல்லாப்பெட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஆட்டின்மேல் கொஞ்சம் பொறாமையோடு, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தடவை அவள் கத்திப் பேசவில்லை.

"ஆட்டுக்கிட்ட மட்டுந்தான் பேசுவீங்களா?"

அவன் முகம் ஊதா நிறத்துக்குப் போனது.

"சரி சரி, போங்க. வெளியில போயி மூச்சு விட்டுக்கங்க. இங்க விழுந்து தொலைச்சிங்கன்னா பீக்கர் எல்லாம் ஒடைஞ்சிரும்."

அவன் படி இறங்கியதும் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம், காரணமில்லாமல், கடையின் எல்லாக் கண்ணாடிச் சாமான்களையும் துடைத்தாள். பொழுது சாய்கிற வெளிச்சம் சோதனைக் குழாய்களுக்குள் தேன் ஊற்றிவைத்ததுபோல் நின்றது.

கோவில்பத்து வீட்டில் வேறு விதமாகப் பூசை நடந்தது. அக்கா சொர்ணாம்பாளின் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவள் தம்பிக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு இங்கே இருக்கிறாள். அரிசி டிரம்மை நகர்த்திப் பெருக்கியபோது பின்னால் அடுக்கடுக்காகக் கவர் ஸ்லிப் பெட்டிகள். பரணில் பார்த்தால் அங்கேயும். வெண்கலத் தவலைக்குள்ளும்.

"ஏன்டா தம்பி, கண்ணாடி மாளிகை கட்டப் போறியா?"

"தேவப்படும்க்கா."

"காலேஜிதா?"

"இல்லக்கா. என் காசுல வாங்கினது."

"எதுக்கு?"

சொர்ணாம்பாள் அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்தவளுக்கு அந்த முகம் படித்த பாடம். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அவன் எதிரே உட்கார்ந்து, அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"காலேஜு."

நெஞ்சு ஏறி இறங்கியது.

"மெடிக்கல் ஷாப்பு. தையக் கடை. மார்க்கெட்டு."

ஏறி இறங்கியது.

"இதெல்லாம் விக்கிற கடை. சிதம்பரநாதன் கடை."

நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது.

"ம். அவரு பொண்ணா," என்றாள் சொர்ணாம்பாள். "நல்ல பொண்ணுதான். மூச்ச விடுடா மொதல்ல. அவகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"இத்தினி பெட்டி வாங்கியுமா? தம்பி, கண்ணாடி வாங்கிப் பொண்ணு கேக்குற ஊரு எதுடா? அவளுக்கு எப்படித் தெரியும்? அதுவும் இந்த எழவு பேசுமா?"

பேசாது. அதோடு, காரைக்கால் காற்றில் கடல் பாதி. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால், ஈரம் நுழைந்து கவர் ஸ்லிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, பலமுறை துவைத்துப் பூப்போல் ஆன பழைய வேட்டித் துணியால் துடைக்கவேண்டும். அந்த மழைக்காலம் முழுக்க அவன் கூடத்தில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தான். துடைத்ததை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எப்போதும் நீலப் புடவை ஒன்று மாடியில் நின்றது.

ஐப்பசியில் ஒரு நாள், பில் எழுதிக்கொண்டே சந்திரலேகா சாதாரணமாகச் சொன்னாள்.

"தை பொறந்தா கடைய எடுத்துடுறோம். அண்ணன் பாண்டிக்கு வரச் சொல்லிட்டாரு. இனிமே கவர் ஸ்லிப்புக்கு நீங்க நாகப்பட்டினந்தான் போகணும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். உள்ளே வார்த்தை இருந்தது. அதை வெளியே தள்ளுவதற்குக் காற்று இல்லை. கரையில் போட்ட கெண்டை மீன்போல இரண்டு முறை வாயைத் திறந்து மூடிவிட்டு வெளியே போனான். சந்திரலேகா பேனாவை மூடி வைத்தாள். திறந்து, மறுபடி மூடினாள்.

அவன் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனான். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வானம் மழைக்குக் கூடியிருந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்வது என்று தீர்மானித்து, குப்பியிலிருந்த மாம்பழத் தோலை எடுத்தான். அதிலிருந்து மூச்சைவிட மெல்லிசாக ஒரு படலத்தைச் சீவினான். சிவப்புச் சாயம் ஏற்றி, ஈரம் போக்கி, ஸ்லைடின் நடுவில் வைத்து, என்றைக்கும் கெடாமல் இருப்பதற்கான பசையை ஒரு சொட்டு விட்டான். கவர் ஸ்லிப்பை ஊசியில் தாங்கித் தாழ்த்தினான். பாதி தாழ்த்தியபோது அவள் சொன்னது ஞாபகம் வந்தது. தை பொறந்தா.

இத்தனை வருடத்தில் முதல் முறையாக, தாழ்த்துகிற நேரத்தில் இளையபெருமாள் பெருமூச்சு விட்டான்.

கண்ணாடி உட்கார்ந்தது. அடியில், நட்ட நடுவில், ஒரு குமிழி.

தண்ணீர் என்றால் பிரித்து மறுபடி போர்த்தலாம். பசை இறுகிவிட்டால் அவ்வளவுதான். தோலும் வேறு இல்லை. மீதி எல்லாம் ஸ்பிரிட்டில் விறைத்து, சீவப் போனால் நொறுங்கியது. அந்த ஸ்லைடைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் கடைக்கு எடுத்துப் போனான். கொடுக்கவில்லை, குறை உள்ள ஸ்லைடை எப்படிக் கொடுப்பது? திரும்பக் கொண்டுவந்தான். அதற்கடுத்த முறையும் அப்படியே. கார்த்திகை பிறந்து, மழை அரசலாற்றை நிரப்பி, தெருக்களில் வானத்தைத் துண்டுதுண்டாகப் போட்டுவைத்தது. ஸ்லைடு அவன் சட்டைப்பையில் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியின் தாவரவியல் துறைத் தலைவர் ராஜ்மோகன் தன் மகளுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தார். பேச்சுக்குப் பேச்சாகச் சந்திரலேகா கேட்டாள்.

"உங்க டிபார்ட்மெண்டுல பெரிய ஆராய்ச்சி நடக்குது போல சார். கவர் ஸ்லிப் அப்படி ஓடுதே."

"எங்களுக்கா? நாங்க வாங்கி ரொம்ப நாளாச்சும்மா. இளையபெருமாள்னு ஒருத்தர் இருக்காரு, ஒண்ணக்கூட ஒடைக்க மாட்டாரு. கழுவிக் கழுவி அதையே வெச்சு ஓட்டுவாரு. அவர் இருக்கிற வரைக்கும் எங்களுக்குப் புதுசே வேண்டாம்."

"ஒசரமா, காதோரம் நரைச்சு… பேசாம நிப்பாரே, அவரா?"

"அவரேதான். ஏம்மா?"

"ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லி, சந்திரலேகா பூதக்கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அதைப் பிரித்த ராஜ்மோகனின் மகளுக்கு உள்ளே பொருள் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் போனபிறகு, அலமாரியில் கவர் ஸ்லிப் பெட்டிகள் இருந்த தட்டைப் பார்த்தபடி நின்றாள். தட்டு காலி. கடையில் வேறு எந்தச் சாமானும் விற்றபாடில்லை. கவர் ஸ்லிப் மட்டும் ஒன்று மிச்சமில்லை.

மார்கழியில் ஒரு மத்தியானம். மழை நின்று பெய்தது. இளையபெருமாள் நனைந்துகொண்டு படியேறி வந்தான். கடை பாதி காலியாகியிருந்தது. பீக்கர்கள் வைக்கோலுக்குள், குடுவைகள் பெட்டிக்குள். மேசைமேல் ஒரு மைக்ரோஸ்கோப் மட்டும் நின்றது.

"கவர் ஸ்லிப் இல்ல. தீந்துபோச்சு," என்றாள் சந்திரலேகா. "எல்லாத்தையும் யாரோ ஒருத்தர் வாங்கிட்டாரு. ராஜ்மோகன் சார் வந்தாரு. காலேஜிக்கு இல்லன்னு சொன்னாரு."

அவன் மூச்சு நின்றது.

"உக்காருங்க. இந்த மைக்ரோஸ்கோப்பப் பெட்டியில போடப் போறேன். வேல செய்யுதான்னு பாக்கணும். பாக்குறதுக்கு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

அவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. காகிதத்தைப் பிரித்து ஸ்லைடை வைத்தான். அவள் குழலின் மூடியைக் கழற்றி, கண்ணைப் பொருத்தி, திருகை மெல்லத் திருப்பினாள். மழை வெளிச்சம் போதவில்லை. அவன் சன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டான்.

குழலிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் பேசினாள். தூக்கத்தில் பேசுகிற குரல்.

"இது எந்த ஊரு? வயலு வயலா இருக்கு. வரப்பெல்லாம் செவப்பு. வானத்துல இருந்து பாக்குற மாதிரி… பொழுது சாயிற நேரம் போல. ஒரு ஆளையும் காணும். எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

சன்னல் கதவைப் பிடித்திருந்தவனுக்கும் அது தெரிந்தது. கோட்டுச்சேரி வயல்கள், மடை திறந்து தண்ணீர் போன பக்கம், பனித்துளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு சின்னப் பையன்.

"நடுவுல ஒரு கொளம் இருக்கு," என்றாள் அவள். "நல்ல வட்டமா. கருப்பாக் கரை கட்டியிருக்காங்க. உள்ள ஒரே வெளிச்சம். அழகான கொளங்க. அதுல என்ன இருக்கும், மீனா, அல்லியா…"

மூச்சு அடக்குவது பழக்கம்தான். ஆனால் அதைவிடப் பழைய பழக்கம் ஒன்று இளையபெருமாளுக்கு இருந்தது. குமிழியை ஒருவர் வேறொன்றாகப் பார்த்து மயங்க, அவன் பக்கத்தில் சும்மா நின்றதே இல்லை. எத்தனையோ முதலாண்டுப் பிள்ளைகள் அவன் நாக்கில் ஏற்றிவைத்த வாக்கியம், அவனைக் கேட்காமல், மூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"அது கொளம் இல்லங்க. காத்து."

சந்திரலேகா அசையவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. ஆட்டுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைத்துவிட்டது; அசைந்தால் கலைந்துவிடும் என்று பயந்தவள்போல மெதுவாகக் கேட்டாள்.

"யாரு காத்து?"

"என்னோடதுதான்."

"எப்ப உள்ள போச்சு?"

"நீங்க பாண்டிக்குப் போறேன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்கு. தெரியாம மூச்சு விட்டுட்டேன். தப்புதான். ஸ்லைடு கெட்டுப்போச்சு."

"இந்த வயலு?"

"மாம்பழத் தோலு."

"எந்த மாம்பழம்?"

"ஆனியில, மாடியில இருந்து நீங்க போட்டது."

சந்திரலேகா குழலிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் பதிந்திருந்தது, கரை கட்டின மாதிரி.

"நானாத்தான் போட்டேன்," என்றாள். "கூட்டத்துல எல்லாரும் கையத் தூக்கிட்டு நின்னாங்க. நீங்க மட்டும் ரெண்டு கையையும் சேத்து, பழம் தொட்டா அதுக்கு வலிக்கும்ங்குற மாதிரி வெச்சிருந்தீங்க. ஒங்களப் பாத்துதான் போட்டேன். எவ்வளவு மெதுவாப் போட முடியுமோ அவ்வளவு மெதுவா."

மாம்பழம் ஏன் அப்படி இறங்கியது என்று அன்றைக்குத்தான் இளையபெருமாளுக்கு விளங்கியது.

"போகாதீங்க," என்றான்.

"எங்க?"

"பாண்டிக்கு."

"சரியாச் சொல்லுங்க. மூச்சு விட்டு, நல்லா."

அவன் சன்னலை விட்டுவிட்டு, நெஞ்சு நிறைய மழைக்காற்றை இழுத்து, நிதானமாகச் சொன்னான். என்ன சொன்னான் என்பதை அவர்கள் இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் நின்ற ஆடு கேட்டிருக்கும். சொல்லி முடித்தபோது மழை விட்டிருந்தது என்பது மட்டும் தெரியும். அவ்வளவு நேரம் பேசியிருக்கிறான்.

மறுநாள் காலையில் சொர்ணாம்பாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆட்டோவில், இரண்டு கோணிப்பைகளோடு கடை வாசலில் வந்து இறங்கினாள்.

"இந்தாம்மா. ஒங்க சரக்கு எல்லாம் எங்க வீட்டுல கெடக்கு. அரிசி வெக்க எடமில்ல. திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"வித்த சரக்கத் திருப்பி எடுக்குற வழக்கம் இல்லியே அத்தாச்சி," என்றாள் சந்திரலேகா. நாத்தனார் முறை வைத்தே கூப்பிட்டுவிட்டாள்.

சொர்ணாம்பாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, முகத்தில் காட்டாமல், ஒரு பெட்டியைத் திறந்து ஒரு சதுரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தொடச்சுத் தொடச்சு வெச்சிருக்கான் பாரு பைத்தியக்காரன். பாண்டி அண்ணனுக்கு நம்பரப் போடும்மா. நான் பேசிக்கிறேன். கடைய எடுக்க வேணாம்னு சொல்லிடுறேன். இத்தினி கவர் ஸ்லிப்ப வெச்சுக்கிட்டு நாங்க எங்க போயி விக்கிறது?"

அன்பழகன் முதலில் தயங்கினார். சொர்ணாம்பாளிடம் தயங்கி ஜெயித்தவர் கிடையாது. வைக்கோலுக்குள் போன பீக்கர்கள் பொங்கலுக்குள் அலமாரிக்குத் திரும்பின.

கல்யாணம் மாசியில். தாலியைக் கையில் வாங்கிய இளையபெருமாளுக்கு வழக்கம்போல மூச்சு நின்றது. அவ்வளவு மென்மையாக அதைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மண்டபம் முழுக்கத் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சமையற்கட்டில் அடுப்பு கூட அடங்கி எரிந்தது. அட்சதை தூவ ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. கெட்டிமேளம் என்று குரல் கொடுக்கவேண்டியவர் வாயைத் திறந்தபடி நின்றார். நாதஸ்வரக்காரரும் மூச்சை அடக்கிவிட்டதால் நாதஸ்வரம் பாதி சுரத்தில் தொங்கியது. வெளியே கடற்காற்றும் என்னவோ ஏதோவென்று வாசலிலேயே நின்றுவிட்டது.

சந்திரலேகா குனிந்த தலை நிமிராமல், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மூச்சு விடுங்க."

அவன் விட்டான். பிறகுதான் மேளம் கொட்டியது.